‘பிறகு சொல்லலாம்’ என்றுதான் நாங்களும் இருந்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் தெஹிவளைத் தாய் ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கைக்குழந்தையாக எடுத்து வளர்க்கும் மகளுக்கு இப்போது நான்கு வயது, தத்தெடுத்த பிள்ளை என்பதை அவளிடம் எப்போது சொல்வது என்று. பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை முடியட்டும், மனப்பக்குவம் வந்ததும் பக்கத்தில் இருத்திச் சொல்லுங்கள் என்று உங்கள் பத்தியில் பதில் வந்திருந்தது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அதே யோசனையை எங்கள் வீட்டில் பதினான்கு வருடம் கடைப்பிடித்துப் பார்த்தவள் நான். ஆகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், வெட்ட வேண்டுமென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு 66 வயது. கொட்டாஞ்சேனையில் வீட்டிலேயே சாறி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். காலமாகிவிட்ட என் கணவர் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் 34 வருடம் கிளாக்காக இருந்தவர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் பிள்ளையில்லை. 1996இல் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்தில் இருந்து நாலு மாதக் குழந்தையைக் கூட்டி வந்தோம். மத்திய வங்கியில் குண்டு வெடித்த அந்த ஜனவரியில் பிறந்தவன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சோதனைச்சாவடி. ஓரிடத்தில் ஆட்டோவை மறித்த ஆமிக்காரப் பையன் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு, பிள்ளை யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். “என்னுடையது” என்றேன். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த வாரம் பொலிஸ் பதிவுக்கு வீட்டிலுள்ளவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தபோது, உறவுமுறை என்ற இடத்தில் இவர் அழுத்தி ‘மகன்’ என்று எழுதினார். பேனை மை மறுபக்கம் வரை ஊறிவிட்டது.

வீடு பார்க்க வந்த நன்னடத்தை உத்தியோகத்தர் பல்கனிக் கம்பி, குடிதண்ணீர் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, போகும்போது, “பிள்ளைக்குச் சொல்லி வளருங்கள் அம்மா” என்றார். ஓமோம் என்று தலையாட்டினோம். நீதிமன்றக் கட்டளை வந்ததும் இவர் எல்லாக் காகிதத்தையும் ஒரு ஃபைலில் போட்டு, நாடா கட்டி, அலுமாரியின் மேல்தட்டில் என் கூறைச் சேலைக்கு அடியில் வைத்தார். விஷயத்தையும் சேர்த்து அங்கேயே வைத்துவிட்டோம்.

சட்டம் தெரியாதவர் என்றால் மன்னிக்கலாம். இவருக்கு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம் மனப்பாடம். எடுப்பவருக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையை விட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும், பிள்ளைக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் விளக்குவார். பத்து வயதுப் பிள்ளையால் இந்த விஷயத்தை விளங்கிக்கொண்டு பதில் சொல்ல முடியும் என்று சட்டமே நம்புகிறது. நாங்கள் பதினான்கு வயதுப் பிள்ளையை நம்பவில்லை.

1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுதி வைத்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்தைப் பற்றியும் இவர்தான் சொல்வார். பிள்ளை எடுப்பதென்றால் உடன்பிறந்தவர்களும் நெருங்கிய சொந்தமும் சம்மதத்துக்கு அடையாளமாக மஞ்சள் தண்ணீரில் விரல் தோய்ப்பார்களாம். எடுக்கிறவர்கள் ஊராரைச் சாட்சியாக வைத்து அந்தத் தண்ணீரைக் குடிப்பார்களாம். முதுசம், பங்கு எல்லாம் அதில் தங்கியிருந்தபடியால் அப்படி என்பது உண்மைதான். இருந்தாலும் ஊர் நடுவில் செய்த காரியத்தை நாங்கள் சேலைக்கு அடியில் அல்லவா வைத்தோம்!

சரி, ஏன் மறைத்தோம்? பிள்ளை மனம் நோகும் என்றுதான் எல்லோரும் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. அவனைப் பெற்றவள் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்த பெண், அப்போது 19 வயது என்று அந்த ஃபைலில் இருந்தது. இவருடைய சொந்தக்காரர் எல்லாம் யாழ்ப்பாணத்து வடமராட்சி. எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்காமல் தேத்தண்ணீர் குடிக்காதவர்கள். தோட்டத்து ஆட்களைக் குறிக்க அவர்கள் வாயில் ஒரு சொல் இருந்தது, அதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சொல் என் பிள்ளை மேல் விழுந்துவிடும் என்று பயந்தேன். அவன் என்னைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயம் அதற்கும் மேல். இரண்டு பயமும் என்னுடையவை. பிள்ளையின் மனம் என்பது நான் பிடித்துக்கொண்ட குடை.

ஒரு பொய் தனியாக நிற்காது. அவனுக்குப் பதினொரு வயதில் தொய்வு (ஆஸ்துமா) வந்தது. கிளினிக்கில் டொக்டர், பரம்பரையில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறான். “என் அப்பாவுக்கு இருந்தது” என்றேன். அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். என் அப்பாவின் நெஞ்சு கடைசி வரை இரும்பு மாதிரி இருந்தது!

2010இல் மாமியார் தவறினார். பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் கிரியை. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கும் நேரம் வந்தது. என் மகனும் வேட்டி கட்டி வரிசையில் நிற்கிறான், கையில் நெய்ப்பந்தம். இவருடைய ஒன்றுவிட்ட அக்கா ஒருவர், தான் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “உவன் பிடிக்கலாமோ? இரத்த உறவல்லோ பிடிக்கிறது” என்றார். சுற்றியிருந்த பத்துப் பேரும் கால்விரலைப் பார்த்தார்கள். ஒருவரும் “என்ன சொல்லுறீங்கள்?” என்று திரும்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அவன் அதை ஒரு கிழவியின் உளறல் என்று நினைத்திருப்பான். கடைசியில் குருக்கள்தான், “பேரன் எண்டால் பிடிக்கலாம், சுண்ணம் இடிக்க நேரம் போகுது” என்று அதட்டினார். அவருக்கு அன்று இன்னொரு செத்தவீடும் இருந்தது. அந்த அவசரம்தான் எங்களைக் காப்பாற்றியது.

மகன் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தான். நெய் சொட்டிக் கை சுட்டிருக்கிறது, அதுகூட எனக்கு மறுநாள்தான் தெரியும். வீட்டுக்கு வந்தும் ஒன்றும் கேட்கவில்லை. எட்டுச்செலவு முடிந்தது, கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முகத்துவாரம் போய், சாம்பலைக் கரைத்துவிட்டுக் கரையில் ஈர வேட்டியோடு நிற்கும்போது, என் பக்கம் திரும்பாமலே கேட்டான்:

“அம்மா, என்னை எங்க இருந்து எடுத்தனீங்கள்?”

சொன்னேன். பதினான்கு வருடம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஆட்டோவையும் ஆமிக்காரனையும் சொன்னேன். தலவாக்கலையைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவன் பெற்றவளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ஆருக்கெல்லாம் தெரியும்?” என்றான்.

எண்ணினேன். சித்தப்பா, பெரியப்பா குடும்பங்கள், மேல்மாடி அன்ரி, ஸ்கூல் வான் ட்ரைவர், எனக்கு நூல், பட்டன் கொண்டுவருகிற முஸ்லிம் நானா, கோயில் ஐயர்... இருபத்தாறு பேர் வந்தார்கள். உனக்கு மட்டும்தான் தெரியாது என்ற இடத்தில் வந்து நின்றேன். அவன் ஒரு வருடம் அந்த அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அது பரவாயில்லை. என்னோடும் மூன்று மாதம் சாப்பாட்டுக்கு மட்டும்தான் பேசினான்.

இப்போது என் தங்கையின் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் இருக்கிறாள். 2015இல் ஒரு பெண் குழந்தையை எடுத்தாள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது, “என்ர வயித்தில நீ வரேல்லை, கோர்ட்டுக்குப் போய் உன்னைக் கேட்டு வாங்கினாங்கள்” என்று பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவாள். பிள்ளைக்கு ஒன்றரை வயதுகூட இல்லை. உனக்குப் பைத்தியமா, அதுக்கு என்ன விளங்கும் என்று ஏசினேன். அவள் சோப்புக் கையோடு திரும்பிப் பார்த்து, “பெரியம்மா, அவளுக்காக இல்லை. என்ர வாய் பழகட்டும்” என்றாள்.

தெஹிவளைச் சகோதரிக்கு இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்களுக்கு அந்த வாய் பழகவில்லை. ‘அந்த நாள்’ என்று ஒரு நாளைக் கலண்டரில் தள்ளிக்கொண்டே போனோம். தள்ளத் தள்ள அது பெரிதாகிக்கொண்டே வந்தது. நான்கு வயதில் பிள்ளைக்கு அது ஒரு கதை, கேட்டுவிட்டு ஐஸ்கிரீம் கேட்கும். பதினாறு வயதில் கேட்டால், இவ்வளவு நாளும் என்னோடு என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்கும்.

முதலில் வாயில் வருகிற சொல் சரியாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நாலு வயதில் அந்தச் சின்னவள், “என்னை எவ்வளவுக்கு வாங்கினனீங்கள்?” என்று கேட்டாள். கடையில் வாங்கின மாதிரி நினைத்துவிட்டாள். அன்றோடு ‘வாங்கினோம்’ போய், ‘கூட்டிக்கொண்டு வந்தோம்’ ஆகிவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், என்னால் சிரிக்க முடியவில்லை. எண்பதுகளில் இந்த நாட்டில் இருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள், அதில் பணத்துக்குக் கைமாறியவையும் உண்டு. பெற்ற தாய் என்று வேறு யாரோ பெண்ணைக் கொண்டுவந்து காட்டிக் கையெழுத்து வாங்கியதும் நடந்தது. 2021இல் நெதர்லாந்து அரசு, இலங்கை உட்பட ஐந்து நாடுகளில் இருந்து நடந்த தத்தெடுப்புகளை விசாரித்த அறிக்கை வந்ததும் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. அப்படிப் போனவர்கள் இன்று நாற்பது வயதில் கையில் பொய்க் காகிதத்தோடு கொழும்புக்கு வந்து தாயைத் தேடுகிறார்கள். அவர்களுக்கு அங்கே அன்பான வீடு கிடைக்கவில்லை என்று யார் சொன்னது? இருந்தும் வருகிறார்கள்.

சின்னவயதில் சொல்லிவிட்டால் எல்லாம் சுகம் என்று நான் சொல்ல வரவில்லை. எட்டு வயதில் அவள், “அந்த அம்மாவுக்கு என்னைப் பிடிக்கேல்லையோ?” என்று கேட்டுவிட்டு இராமுழுக்க அழுதாள். தங்கை மகள், “அதை நான் அவவிட்டைக் கேட்டதில்லை. பிள்ளையை வைச்சு வளர்க்க வழி இல்லை எண்டு மட்டும்தான் பேப்பரில இருக்கு” என்றாள். கடவுள் உன்னை எங்களுக்காகவே அனுப்பினார் என்று சொல்லியிருக்கலாம், பல பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்படியென்றால் அந்த மற்றப் பெண்ணின் கடவுள் அன்று எங்கே போயிருந்தார் என்று பிள்ளை கேட்காதா? தெரிந்ததைச் சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். ‘தூக்கிப் போட்டுவிட்டாள்’ என்ற சொல் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. வகுப்பு ஆசிரியையிடமும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ‘எனது குடும்பம்’ என்று படம் ஒட்டச் சொல்லும் வாரத்தில், பிறந்த அன்று எடுத்த படம் இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

இவர் 2019இல் போனார். மரண அறிவித்தல் எழுதியபோது ஒரு சொந்தக்காரர் ‘வளர்ப்பு மகன்’ என்று போட்டிருந்தார். நான் முதல் சொல்லை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். மகன் பார்த்துவிட்டு, “விட்டிருக்கலாம் அம்மா, வளர்த்தவர் தானே” என்றான். கனத்தை மயானத்தில் கொள்ளி வைத்தவன் அவன்தான்.

இந்தக் கடிதத்தை அனுப்ப அவனுடைய சம்மதம் வேண்டும் அல்லவா? பத்து வயதும் எப்போதோ தாண்டிவிட்டது! டோஹாவில் வேலை செய்கிறான். எழுதிய தாள்களைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரவு கோல் எடுத்தான். பெயர் போட வேண்டாம், மற்றதெல்லாம் சரி, ஒரு பிழை மட்டும் இருக்கிறது என்றான்.

“என்ன பிழை?”

“பந்தம் பிடிக்கேக்க எனக்கு முதலே தெரியும் அம்மா. ஒன்பது வயசில பட்டம் கட்ட நாடா தேடி அலுமாரிக்க கை விட்டனான். அடப்ஷன் எண்ட சொல்லை ஸ்கூல் டிக்‌ஷனரியில பார்த்தன்.”

பிறகு சிரித்துக்கொண்டே, “அம்மப்பாவின்ர தொய்வைக் கொப்பியில எழுதேக்கயும் தெரியும்” என்றான்.

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்டேன். “நீங்கள் ரெண்டு பேரும் எப்ப சொல்லுவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்.”

இருபத்தாறு பேர் என்று மேலே எழுதியதைத் திருத்தாமல் அப்படியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13