பழைய வேட்டியில் பேரனுக்குச் சட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

பெயர்சூட்டு விழா என்றாலே கடைக்கு ஓடி, ஜரிகை வைத்த பாலியெஸ்டர் உடையை வாங்கி வருகிறோம். நம் ஊர் வெயிலில் பச்சைப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு படும் பாட்டை யாராவது கவனிக்கிறோமா?

எங்கள் குடும்பத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு நான்தான் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். துணி, என் கணவரின் பழைய எட்டு முழ வேட்டி. பலமுறை துவைத்துப் பஞ்சாகியிருக்கும். இனிமேல் சுருங்காது, வியர்வையை நன்றாக உறிஞ்சும். மெல்லிய துணி என்பதால் மெஷினில் 11ஆம் எண் ஊசி போடுவேன். 14 போட்டால் ஓட்டை பெரிதாக விழும். தையல் மடிப்பு உடம்பில் உரசாதபடி வெளிப்பக்கமாக வரவேண்டும். பொத்தான் கழன்று வாய்க்குள் போய்விடலாம் என்பதால் நாடாதான். அதுவும் குட்டையாக, கழுத்தருகே இல்லாமல்.

இப்போது மகள், என் அம்மாவின் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையில் போர்வை கேட்டிருக்கிறாள். கத்திரி வைக்கத்தான் மனம் வரவில்லை. ஆனாலும் தைப்பேன், பெட்டிக்குள் கிடந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும்.

உங்கள் மகளிர் இணைப்பிதழில் கோலமும் சமையலும் வருகின்றன. வாரம் ஒரு குழந்தை உடைக்கு வெட்டும் அளவுகளைப் படத்துடன் வெளியிடுங்கள். தையல் மெஷினை மூடி வைத்திருக்கும் பலர் மறுபடி உட்காருவார்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்