ஒரு அடி தொட்டிக்குள்ள ப்ளூ டாங்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல வீட்டுல கடல் மீன் வளக்கறத பத்தி போட்டிருந்தத படிச்சேன், நல்லா தான் எழுதியிருந்தாங்க, ஆனா கூட இருந்த படத்துல ஒரு அடி தொட்டிக்குள்ள ப்ளூ டாங் நீந்துது, அத பாத்ததும் வயிறு எரிஞ்சுடுச்சு சார். வளந்தா அந்த மீனே ஒரு அடி. எப்படி திரும்பும்?

நானும் ஏமாந்தவன் தான். கொளத்தூர்ல ஒரு கடைல தொட்டி, உப்பு, லைட்டு, ரெண்டு நீமோ (அதான் கோமாளி மீன்), கடல்ல பாறைல ஒட்டிக்கிட்டு பூ மாதிரி இருக்கற உயிரான ஒரு அனிமோன்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கி ஆட்டோல ஏத்திட்டு வந்தேன். அனிமோன் இல்லன்னா நீமோ செத்துடும்னு கடைக்காரர் சொன்னார், நானும் தலையாட்டினேன். அந்த அனிமோன் என்னடான்னா ஒரு இடத்துல உக்காராம நகந்து நகந்து போய் நாலாம் நாள் வேவ்மேக்கர்ல, அதான் தண்ணில அலை எழுப்பற மோட்டார்ல, சிக்கி கிழிஞ்சு, காலைல பாத்தா தண்ணி பால் மாதிரி இருக்கு, ரெண்டு மீனும் போச்சு. அப்புறம் தான் தெரிஞ்சுது, தொட்டில நீமோவுக்கு அனிமோன் தேவையே இல்ல, கடல்ல தான் ஒளிஞ்சுக்க அது வேணும். புது தொட்டில மீன் கழிவ முறிக்கற பாக்டீரியா செட் ஆகவே நாலு வாரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள மீன விட்டா அதோட கழிவுல வர்ற அம்மோனியாவே அத கொன்னுடும்.

லைட்டு விஷயத்துல தான் ஜனங்க ரொம்ப காசு விடறாங்க. தண்ணி அளவுக்கு இத்தன வாட்ஸ்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அது ட்யூப்லைட் காலத்து கணக்கு, எல்இடிக்கு ஒத்து வராது. உள்ள என்ன இருக்கப்போகுதுன்னு முதல்ல முடிவு பண்ணணும், அப்புறம் தான் லைட்டு. வெறும் மீன், இறால், நத்தைனா சாதா வெள்ளை எல்இடி போதும். மஷ்ரூம், ஜோவா மாதிரி மெத்துனு இருக்கற பவளம் வேணும்னா தான் நீல லைட்டு, ஏன்னா அதுங்க ஒடம்புக்குள்ள இருக்கற நுண்பாசி தான் வெளிச்சத்த வெச்சு சாப்பாடு செஞ்சு குடுக்குது, அதுக்கு 420ல இருந்து 460 நானோமீட்டர் வரைக்கும் அலைநீளம் உள்ள நீலம் தான் முக்கியம். ஆழமே ஒரு அடி தான, பவர் அதிகமா இருந்தா வெளுத்து போயிடும். தினம் எட்டு மணி நேரம் எரிஞ்சா போதும். ஜன்னல் ஓரமா வெச்சீங்கன்னா பாசி தான் வளரும்.

கல்லு மாதிரி இருக்கற பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எதையும் யார் குடுத்தாலும் வாங்காதீங்க, எல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வருது, புலி மான் மாதிரி தான், கேஸ் ஆயிடும்.

ஒரு அடி கனசதுர தொட்டினா 28 லிட்டர், கல்லு மணல் போக 24 தான் நிக்கும். சென்னை வெயில்ல ஃபேன் போட்டா தினம் அரை லிட்டர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிடும். மூணு நாள் ஊருக்கு போனா ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்த உப்பு 37க்கு மேல ஏறிடும். அதனால ஈடு கட்ட ஆர்ஓ தண்ணி தான் ஊத்தணும், உப்புத்தண்ணி இல்ல. இத யாருமே சொல்றதில்ல.

நீமோ ஜோடி வேணும்னா ரெண்டு அடி தொட்டி வாங்குங்க, அதுவும் பண்ணைல பொரிச்ச குஞ்சான்னு கேட்டு வாங்குங்க. நம்ம மண்டபத்துல இருக்கற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துலயே இத பொரிக்க வெச்சிருக்காங்க, கடல்ல புடிச்சது எதுக்கு?

என் தொட்டில இப்ப கோபிங்கற குட்டி மீன் ஒண்ணு, ஒரு பிஸ்டல் இறால், ரெண்டு துறவி நண்டு, அவ்வளவு தான். இறாலுக்கு கண்ணு சரியா தெரியாது, அது பாட்டுக்கு வளை தோண்டும், கோபி வாசல்ல காவல் நிக்கும், இறால் மீசைய மீன் மேலயே வெச்சிருக்கும், ஆபத்துன்னா கோபி வால ஆட்டும், ரெண்டும் உள்ள ஓடிடும். டிவி பாக்கறதே விட்டுப்போச்சு எனக்கு.

அடுத்த வாட்டி படம் வேணும்னா சொல்லுங்க சார், என் கோபிய எடுத்து அனுப்பறேன், வளைய விட்டு வெளிய வந்துச்சுன்னா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெரம்பூர்