தினமும் கிளறாதே

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் மண்புழு உரத் தொட்டியில் கிடக்கும் மஞ்சள் மணிகள் என்ன என்று செவ்வாய்க்கிழமை நீ போனில் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பேச்சு ஓடவில்லை. பிறகு நீயும் கூப்பிடவில்லை.

நீ அனுப்பிய படத்தில் இருப்பவை மண்புழு முட்டைக்கூடுகள்தான். சின்ன எலுமிச்சம்பழம் போல இரு முனையும் கூம்பியிருக்கிறதே, அதுவே அடையாளம். இட்ட புதிதில் வெளிறியிருக்கும், பிறகு மஞ்சளாகும், பொரிக்கும் சமயத்தில் செம்பழுப்பாகிவிடும். உன்னுடையவை இன்னும் மஞ்சள். 25 டிகிரி வெப்பம் இருந்தால் பொரிக்க 3 வாரம் போதும். பெங்களூரு குளிருக்குக் கூடுதலாகும். அதற்குள் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதே. ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சுகள்கூட வரும். உடலுக்குள் சிவப்புக் கோடு ஓடினால் அது குஞ்சு; முழு வெள்ளையாக நெளிந்தால் வேறு புழு.

தொட்டியைத் தினமும் கிளறாதே. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வரவேண்டும், ஒழுகக் கூடாது. எலுமிச்சைத் தோல், உப்புப் போட்ட மிச்சம் எதுவும் வேண்டாம். எறும்பு வந்தால் தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வை.

இங்கே இருந்தவரை சாணிக்குழிப் பக்கமே வராதவன் நீ. இப்போது பால்கனியில் புழு வளர்க்கிறாய் என்று பால் சொசைட்டியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று வேளை மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்றாயே, ஆபீஸ் போகிறவனுக்கு அது எப்படி முடிகிறது என்று அம்மா கேட்கிறாள். வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல். மூன்று வேளை திறந்து கிளறாதே, கூடு நசுங்கிவிடும்.

நம் பெரிய தொட்டியில் உரம் அள்ளும் பக்குவத்தில் இருக்கிறது, சலிக்க ஆள் கிடைக்கவில்லை. பொங்கலுக்குத்தான் வரவேண்டும் என்றில்லை, முன்னாலேயே வந்தாலும் ஒத்தாசையாக இருக்கும். மேட்டுக்காட்டுத் தேங்காய் விற்ற பணம் வங்கியில் சும்மா கிடக்கிறது. அங்கே வாடகை ஐந்தாம் தேதிதானே? உன் கணக்கு எண் பழையதேதானா என்று மட்டும் எழுது.

அப்பா