அறிமுக விழாவுக்கு முன்னரே பயனர்களைத் தேட வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்தில் இளையோர் தொடங்கும் மென்பொருள் முயற்சிகளுக்கு மங்கள விளக்கேற்றிப் பொன்னாடை போர்த்தும் அறிமுக விழாக்களுக்குக் குறைவில்லை. ஆனால், விழாவுக்கு மறுநாள் அச்செயலியை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே தேடி வைத்திருப்பவர்கள் அரிது. அந்தத் தவறை நானும் செய்தவன் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

தோட்டக்காரரையும் நகர வீடுகளையும் நேரடியாக இணைக்கும் மரக்கறிச் செயலியொன்றை நானும் நண்பர்கள் இருவரும் 14 மாதங்கள் அறைக்குள் இருந்து உருவாக்கினோம். சந்தைகளில் விளைச்சலின் நிறையில் பத்து வீதத்தைக் கழித்துவிட்டு மிகுதிக்கே பணம் கொடுக்கும் 'கழிவு' முறையைப் பற்றித் தோட்டக்காரர் நெடுங்காலமாக முறையிட்டு வருவதால், கழிவில்லாத வழியொன்றைக் காட்டினாலே போதும் என்று நம்பியிருந்தோம். முதல் வாரத்தில் 400 பேர் வரை தரவிறக்கினார்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானோர் ரொரன்ரோவிலும் லண்டனிலும் உள்ள எங்கள் உறவினர்கள். அவர்களுடைய அன்புக்குக் குறைவில்லை, ஆனால் அங்கிருந்து இணுவில் கத்தரிக்காயை வாங்க முடியாதே! தோட்டக்காரர் ஒருவரும் வரவில்லை. பின்னர் ஒரு பெரியவரின் கிணற்றடியில் இருந்து கதைத்தபோதுதான், உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் முற்பணம் தந்த வியாபாரியிடமே விளைச்சலைக் கொடுக்க வேண்டியிருப்பதால் அவர் கழிவைத் தெரிந்தே பொறுத்துக்கொள்கிறார் என்பது விளங்கியது. 14 மாதங்களுக்கு முன்னரே அந்தக் கிணற்றடிக்குப் போயிருக்கலாம்.

கோப்புகளைச் சேமிக்கும் ட்ரொப்பொக்ஸ் நிறுவனம், 2008இல் தன் சேவையை எல்லோருக்கும் திறப்பதற்கு முன்னர், அது இயங்கும் விதத்தைக் காட்டும் சிறு காணொளியொன்றை வெளியிட்டதும் காத்திருப்போர் பட்டியல் 5,000இலிருந்து 75,000 ஆக உயர்ந்தது. ஜிமெயிலும் 2004இல் அழைப்புப் பெற்றவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. எங்கள் ஊருக்கு இவ்வளவு பெரிய எண்கள் தேவையில்லை. இங்குள்ள ரியூசன் ஆசிரியர்கள் வீட்டு விறாந்தையில் ஐந்தாறு பிள்ளைகளோடு தொடங்கி, அவர்களின் பெறுபேறு ஊரில் பேசப்பட்ட பின்னரே கொட்டகை போடுகிறார்கள். அதுவும் இதே வழிதான்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கருத்துக் கேட்டால் எம்மவர் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்ல மாட்டார்கள். "நல்ல முயற்சி தம்பி" என்று தேநீர் தந்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே கருத்தைக் கேட்பதை விட, அடுத்த வாரத்து மரக்கறிக்கு 200 ரூபா முற்பணம் தருவீர்களா என்று கேட்பது மேல். தயங்குபவர் எதற்காகத் தயங்குகிறார் என்பதில்தான் எங்களுக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

புத்தாக்கப் போட்டிகளை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள்: மேடையேறும் அணியிடம் வருமான மதிப்பீட்டைக் கேட்பதற்கு முன்னர், அந்தச் சேவைக்காக ஏற்கெனவே காத்திருக்கும் 20 பேரையாவது காட்டும்படி கேளுங்கள்.

நாங்கள் செயலியை மூடி வைத்துவிட்டு, இப்போது கோண்டாவிலில் 22 வீடுகளுக்கு வட்ஸ்அப் குழுவொன்றின் மூலம் கட்டளை பெற்று, நாங்களே நிறுத்துச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். வியாபாரியிடம் முற்பணம் வாங்காத தோட்டக்காரர் மூவர் இதுவரை சேர்ந்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.