சனிக்கிழமை ஒயின் ருசி: 20 டாலருக்குள்

நண்பர்களே, வணக்கம். வரும் சனிக்கிழமை (18ஆம் தேதி) மாலை 4 மணிக்கு ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கூடுகிறோம். டிசம்பர் விருந்துக்கு எந்த ஒயின் வாங்குவது என்று அன்றே ருசித்து முடிவு செய்துவிடலாம்.

1. வீட்டுக்கு ஒரு பாட்டில். கலிபோர்னியா ஒயின், 20 டாலருக்குள். இந்த விலையில் நாப்பா பள்ளத்தாக்கின் நல்ல கேபர்னே (ஒரு சிவப்பு ஒயின்) கிடைப்பது அபூர்வம், அதற்கு மெனக்கெடாமல் லோடை பகுதியின் ஜின்ஃபண்டல், லிவர்மோர் பகுதியின் பெட்டிட் சிரா என்ற சிவப்பு ஒயின்கள் பக்கம் பாருங்கள்.

2. லேபிளைப் படியுங்கள். வெறும் 'கலிபோர்னியா' என்றிருந்தால் திராட்சை மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் வந்திருக்கலாம்; 'லோடை' என்றிருந்தால் குறைந்தது 85% அங்கேயே விளைந்தது.

3. விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு, பாட்டிலைக் கழுத்துவரை பழுப்புக் காகிதப் பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். விலை தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும்.

4. வண்டி ஓட்டுபவர்கள் ருசித்துவிட்டுத் துப்ப வாளி வைக்கிறேன், கூச்சம் வேண்டாம்.

5. மிளகாய் பஜ்ஜி தயவுசெய்து வேண்டாம், காரத்தில் ஒயின் ருசி தெரியாது. ரொட்டி, சீஸ் என் பொறுப்பு.

எத்தனை பேர், சிவப்பா வெள்ளையா என்று வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் சேராது.