அண்ணா, கட்டை வெடிக்கவில்லை

அன்புள்ள அண்ணா,

நேரில் வந்தால் திட்டுவீர்கள், அதனால் முதலில் எழுதிவிடுகிறேன். "தோல் வார் பிடித்த மிருதங்கம் வேண்டாம், நட்டு போல்ட்டு போட்டதை எடுத்துக்கிட்டுப் போ" என்று கடை வாசலில் நின்று மூன்று தடவை சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. மார்கழிக் கச்சேரிகளில் இரண்டு மிருதங்கமும் அவ்வளவு நன்றாகப் பேசியிருந்தன, அந்த மிதப்பு. தை பிறந்ததும் இரண்டுக்கும் உறை மாட்டி ஜப்பானுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

போகும்போதே முதல் அடி. சுருதி சேர்க்கிற கல் கைப்பையில் இருந்தது, விமான நிலையச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். நீங்கள் கொடுத்த கல். இது வாத்தியத்தோடு சேர்ந்தது என்று எவ்வளவு சொல்லியும், கல் கல்தானே என்பதுபோலப் பார்த்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, விடுங்கள்.

ஜப்பான் குளிர்காலம் என்றால் எங்கும் பனி, ஈரம் என்றுதான் நினைத்திருந்தேன். டோக்கியோவில் ஜனவரி வானம் நீலமாகப் பளிச்சென்று இருக்கிறது, துளி மழை இல்லை. சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மேற்குப் பக்கத்து மலைகளில் பனியாகக் கொட்டிவிட்டு, மிச்சம் வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறதாம். அது போதாதென்று அறைக்குள் ஹீட்டர். பாடுகிறவருக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை. ராத்திரி சேர்த்து வைத்த வலது பக்கத்து வலந்தலை காலையில் ஆறைத் தொட்டுக்கொண்டிருந்தது, வாரெல்லாம் விரலால் சுண்டினால் தம்பூரா மாதிரி இழுவையில் நிற்கிறது. மிருதங்கத்தின் மரக்கட்டை வெடித்துவிடுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஹோட்டல் வரவேற்பில் கேட்டால் காற்றில் ஈரம் கூட்டும் இயந்திரம் ஒன்றை இரவல் தருகிறார்கள். அதை வாங்கி மிருதங்கத்துக்குப் பக்கத்தில் வைத்து, நனைத்த துண்டுகளையும் தொங்கவிட்டு, பிள்ளை பெற்ற வீடு மாதிரி ஆக்கிவிட்டேன்.

அன்றைக்கு மேடைக்குப் பின்னால் ஷாமிசென் என்கிற மூன்று தந்தி வாத்தியம் வாசிக்கிற ஒருவரைப் பார்த்தேன். அவருக்கும் இதே கவலைதான், குளிர்காலத்தில் தோல் கிழிந்துவிடும் என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் வாத்தியத்தின் தண்டை மூன்று துண்டாகக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடலாம்! நான் பலாக்கட்டை இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் நிலையப் படி ஏறுகிறேன்.

கல்லுக்குப் பதில் 110 யென் கொடுத்து ஒரு ரப்பர் சுத்தியல் வாங்கினேன். சுத்தம். தட்டினால் எகிறுகிறது, விளிம்பில் பின்னிய மூட்டு அசையவே இல்லை. சாதகம் பண்ண இடமில்லாமல் கரோக்கி அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தேன், உள்ளூர் வாத்தியக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்களாம். சாப்பாட்டைப் பற்றி என்ன சொல்ல, காய்கறி மட்டும் போட்ட சூப்பிலும் அடியில் மீன் சாறு இருக்கிறது. புளிக்காய்ச்சல் காப்பாற்றியது.

அப்புறம் கனசாவா. ஷின்கான்சென் புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம். நாகானோ தாண்டிச் சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தால், வெயில் அடித்துக்கொண்டிருந்த ஊர் போய் எல்லாம் வெள்ளை. சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்று அந்தப் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. நான் குடை கொண்டுபோகவில்லை. ஆனால் என்னைவிட முதலில் ஊரைக் கண்டுபிடித்தது மிருதங்கம்தான். டோக்கியோவில் கீழிருந்து மேலே தட்டித் தட்டியும் இறங்காத சுருதி, இங்கே தானாகவே இறங்கி ஐந்துக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டது.

கென்ரோகுஎன் தோட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும் அண்ணா. பனி கனத்தில் பைன் மரத்துக் கிளை ஒடியாமல் இருக்க, நடுவில் உயரமாக ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வருஷா வருஷம் நவம்பர் 1ஆம் தேதி கட்ட ஆரம்பிப்பார்களாம். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் எந்தக் கயிறு தளர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றுகூட இல்லை.

இடது பக்கத்துத் தொப்பிக்குப் பிசைந்து வைக்கிற ரவையும் அங்கேதான் தீர்ந்தது. சூப்பர் மார்க்கெட்டில் எந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறதென்றே புரியவில்லை. கடைசியில் ரொட்டி மாவு வாங்கிப் பிசைந்து தொப்பிக்கு வைத்தேன். வடக்கே பக்கவாஜ் வாசிக்கிறவர்கள் கோதுமை மாவுதானே வைக்கிறார்கள்? நாதம் கொஞ்சம் மொத்தையாக இருந்தது, ஆனால் விழவில்லை. சாய் ஆற்றங்கரையில் உள்ளங்கைக்கு அடங்குகிற மாதிரி ஒரு கல் கிடைத்தது. ரெண்டே தட்டில் மூட்டு இறங்கிச் சுருதி ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

ஒசாகா போகச் சுருகாவில் ரயில் மாற வேண்டும். மலைக்காற்று பலமாக இருந்ததால் அடுத்த ரயில் தாமதம், நடைமேடையில் விரல் விறைத்துப் போய் நின்றேன். கைரோ என்று ஒரு சின்னப் பை விற்கிறார்கள், உள்ளே இரும்புத் தூள், காற்றுப் பட்டால் சூடாகிறது. இரண்டு சட்டைப் பைகளிலும் ஒவ்வொன்று. ராத்திரி தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது ஒருத்தர்கூட எழுந்து கேன்டீனுக்குப் போகவில்லை. எனக்குத்தான் பழக்கமில்லாமல் கூச்சமாக இருந்தது.

சேதாரம் இதுதான்: சின்ன மிருதங்கத்தின் கருப்பு வட்டமான கரணையில் மயிரிழை விரிசல், வலந்தலை மூட்டு மாற்ற வேண்டும். கட்டைக்கு ஒன்றும் இல்லை, டார்ச் அடித்து உள்ளேயும் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை காலை கடைக்கு வருகிறேன். கல்லையும் கொண்டுவருகிறேன், இந்தத் தடவை பெரிய பெட்டியில் போட்டுத்தான் கொண்டுவந்தேன். அந்த போல்ட்டு மிருதங்கம் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றால் எடுத்து வையுங்கள்.