புடவைக் கட்டுக்குக் கீழே இருக்கும் ஹெர்னியா: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும் மருத்துவப் பணிகள் இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவள். தொடை இடுக்கில் வரும், அதிகம் பேசப்படாத இரண்டு வகை ஹெர்னியாக்களால் (குடலிறக்கம்) வயதான பெண்கள் குடல் அழுகிய நிலையில் எங்களிடம் வந்து சேருகிறார்கள். இவர்களில் பலரை முன்னாலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் புதுக் கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. துறை மனது வைத்தால் போதும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

ஹெர்னியா என்றால் ஆண்களுக்கு வருவது, மூட்டை தூக்குகிறவர்களுக்கு வருவது என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அதில் தவறில்லை. ஆனால் தொடைக்கு ரத்தக் குழாய்கள் இறங்கும் வழியில், பெரிய சிரைக்கு உள்பக்கமாகச் சின்ன இடைவெளி ஒன்று உண்டு. அதன் வழியாகக் குடலோ கொழுப்போ பிதுங்குவது ஃபெமோரல் ஹெர்னியா. இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. மேலே இறுகிய நார், உள்பக்கம் வளைந்து கொடுக்காத இன்னொரு நார், கீழே எலும்பு என்று அந்த வாய் விரிய இடமே கிடையாது. உள்ளே போன குடல் அங்கேயே சிக்கிவிடும். ஸ்வீடனில் 1992 முதல் 2006 வரை பதிவான ஆபரேஷன்களை ஆராய்ந்தபோது, ஃபெமோரல் ஹெர்னியாவில் நூற்றுக்கு 36 அவசர ஆபரேஷனாக நடந்திருந்தன. தொடை மடிப்புக்குச் சற்று மேலே வரும் வழக்கமான இங்குவினல் ஹெர்னியாவில் அது நூற்றுக்கு 5தான். அங்கேயே அப்படி என்றால் நம் கிராமத்துப் பாட்டிமார்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு கட்டி தெரிந்தால் நம் ஊரில் 'நெறி கட்டியிருக்கு' என்று சொல்லி மஞ்சள் அரைத்துப் பத்துப் போடுவார்கள். காலில் எங்கேயாவது புண் இருக்கும், அதனால் வந்தது என்று வீட்டிலேயே முடிவாகிவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நெறிகட்டியும் அதே இடத்தில்தான் வரும், கை வைத்துப் பார்க்கும் டாக்டருக்கே சில சமயம் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் கை வைத்துப் பார்த்தால்தானே அந்தச் சந்தேகமாவது வரும்?

நம் ஓ.பி.யில் நடப்பதைச் சொல்கிறேன். வயிற்று வலி, வாந்தி என்று ஓர் அம்மா வருகிறார். பரிசோதனை மேஜையில் படுக்கச் சொல்கிறோம். அவர் முந்தானையை விலக்கிப் புடவையைத் தொப்புளுக்கு நாலு விரல் கீழே தள்ளுகிறார். அதற்கு மேல் தள்ளப் பாவாடை நாடா விடாது, அவருக்கும் மனசு வராது. சுற்றிலும் ஆட்கள், திரை இருந்தாலும் பாதி கிழிந்திருக்கும், பார்ப்பவர் பெரும்பாலும் ஆண் டாக்டர், துணைக்கு நிற்கவேண்டிய நர்ஸ் ஊசி அறையில். டாக்டர் தெரிகிற வரைக்கும் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு 'வயிறு மென்மையாக உள்ளது' என்று சீட்டில் எழுதுகிறார். நாடாவுக்குக் கீழே நாலு அங்குலத்தில் இருக்கும் கட்டி அவர் கண்ணிலேயே படவில்லை. அந்த டாக்டர் அக்கறையில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. முழுதாகப் பார்க்க முடியாதபடிதான் அந்த அறையை வைத்திருக்கிறோம்.

இன்னொரு வகைக்குக் கட்டியே வெளியில் தெரியாது. இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு நரம்பும் ரத்தக் குழாய்களும் தொடைக்குப் போகிற குறுகிய பாதை இருக்கிறது. சுற்றிலும் இருக்கும் கொழுப்புதான் அதை அடைத்து வைத்திருக்கும். வயதாகி, உடல் மெலிந்து, கொழுப்புக் கரைந்த பெண்களுக்கு அந்தப் பாதையில் குடல் நுழைந்துவிடும். இது ஆப்டுரேட்டர் ஹெர்னியா. பல பிள்ளைகள் பெற்ற, ஒல்லியான, 70 வயதைத் தாண்டிய பெண்களிடம்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். குடல் அந்த நரம்பை அழுத்துவதால் உள்தொடையில் முழங்கால் வரை வலி ஓடும். காலை நீட்டினால் கூடும், மடக்கினால் குறையும்.

எங்கள் வார்டுக்கு வந்த ஒரு பாட்டி முழங்காலை மடக்கியபடியேதான் கிடந்தார். ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது யாரோ காலை நீட்டிவிட, அலறிவிட்டார். வயிறு உப்பி, மூக்குக் குழாயில் பச்சையாகவும் பிறகு பழுப்பாகவும் வந்துகொண்டிருந்தது. வயிற்றில் குடும்பக்கட்டுப்பாடு செய்த பழைய தழும்பு. அதைப் பார்த்து முன்பு பார்த்த இடத்தில் 'குடல் ஒட்டியிருக்கும், தானாகச் சரியாகும்' என்று வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வாந்திக்கு ஊசி போட்டாங்க டாக்டரம்மா, தொடை வலிக்கு எலும்பு டாக்டரைப் பாக்கச் சொன்னாங்க. ரெண்டையும் சேத்து யாரும் கேக்கல." சி.டி. ஸ்கேனில் இடுப்பெலும்புக்கு வெளியே, இரண்டு தசைகளுக்கு நடுவில் ஒரு சின்ன வளையமாகக் குடல் தெரிந்தது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கு வழியில்லை, வயிற்றைத் திறந்து, அழுகிய குடலை வெட்டி இணைத்தோம். பாட்டி பிழைத்தார். ஆனால் ஐ.சி.யூ.வில் கிடந்து, நெஞ்சில் சளி கட்டி, எழுந்து நடக்கவே வெகுநாள் ஆனது.

இதே ஹெர்னியாவோடு, குடல் இன்னும் உயிரோடு இருக்கும்போதே வந்தவர்களும் உண்டு. அப்போது வேலையே வேறு. தொப்புள் பக்கத்தில் 10 மில்லிமீட்டரில் ஒரு துளை, பக்கத்தில் 5 மில்லிமீட்டரில் இரண்டு. கார்பன் டை ஆக்சைடு செலுத்திக் கேமராவை உள்ளே விட்டதும் இரண்டு பக்கத் தொடை இடுக்கும் ஒரே நேரத்தில் திரையில் தெரிகிறது. இங்குவினல் வாய், ஃபெமோரல் வாய், ஆப்டுரேட்டர் வாய் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மாட்டியிருந்த குடலை மெதுவாக விடுவித்து, நீலம் மாறிச் சிவப்பு திரும்புகிறதா என்று காத்திருந்து பார்க்கலாம். 10-க்கு 15 சென்டிமீட்டர் மெஷ் (வலைத் துண்டு) ஒன்றைச் சரியான இடத்தில் விரித்தால் அந்த மூன்று வாய்களும் ஒன்றாக மூடும். முன்பக்கமாகக் கீறிச் செய்யும் வழக்கமான இங்குவினல் ஆபரேஷனில் ஃபெமோரல் வாயைப் பார்ப்பதும் இல்லை, மெஷ் அதை மூடுவதும் இல்லை.

ஸ்வீடனின் இன்னொரு பதிவேட்டு ஆய்வை வேறு எதைவிடவும் துறை கவனிக்க வேண்டும். இங்குவினல் ஹெர்னியா என்று முதலில் ஆபரேஷன் செய்யப்பட்டு, பிறகு மறுபடியும் மேஜைக்கு வந்த பெண்களில் நூற்றில் 40 பேருக்கு மேல் ஃபெமோரல் ஹெர்னியா இருந்தது. ஆண்களில் அது 5 பேர்கூட இல்லை. இதையெல்லாம் வைத்துத்தான் 2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிமுறை, தேர்ந்த சர்ஜன் இருக்கும் இடத்தில் பெண்களின் தொடை இடுக்கு ஹெர்னியாவுக்கு லேப்ராஸ்கோப்பி முறையையே பரிந்துரைக்கிறது.

எல்லாருக்கும் லேப்ராஸ்கோப்பிதான் என்று நான் வாதாட வரவில்லை. குடல் அழுகிவிட்டால், வயிறு பெரிதாக உப்பிவிட்டால், ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போனால் வயிற்றைத் திறப்பதுதான் சரி. முழு மயக்கம் தாங்காத இதயம் என்றால் முதுகில் ஊசி போட்டு முன்பக்கமாகச் செய்வதே பாதுகாப்பு. ஆனால் அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பாவது எங்களுக்கு வேண்டும். நோயாளி நேரத்தோடு வந்தால்தான் அந்த வாய்ப்பு.

'அரசு மருத்துவமனையில் இதெல்லாம் ஆகாது' என்று யாராவது சொன்னால் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷனை 1990-இல் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா தொடங்கியது மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில். அது ஏழைகள் வரும் அரசு மருத்துவமனைதான். நம் மாநிலத்திலும் குடும்பக்கட்டுப்பாட்டுக்கு லேப்ராஸ்கோப்பைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். கருவி நமக்குப் புதிதில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முழுதாக மறைக்கிற ஒரு திரையும், பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது கூட நிற்க ஒரு பெண் ஊழியரும் கட்டாயம் என்று உத்தரவு போடுங்கள். மற்ற எல்லாமே இதற்கு அப்புறம்தான். வயிற்று வலியோடும் வாந்தியோடும் வருகிற பெண்ணின் இரண்டு தொடை இடுக்குகளையும் பார்த்ததாகக் கேஸ் ஷீட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் ஏன் என்றும் எழுதட்டும். 70 வயதுக்கு மேற்பட்ட, மெலிந்த பெண்ணுக்குக் குடல் அடைப்பு, காரணம் தெரியவில்லை என்றால், தழும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே சி.டி. எடுக்க வேண்டும். இடுப்போடு நிறுத்தாமல் தொடையின் மேல்பகுதி வரை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வளையம் படத்தில் விழாமலே போகும்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நம் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி டாக்டரிடம் சொல்லாததைக்கூட அவர்களிடம் சொல்வார். தொடை இடுக்கில் கட்டி ஏதும் தெரிகிறதா, உள்தொடை வலியோடு வயிறு உப்பி வாந்தி வருகிறதா என்று இரண்டு கேள்விகளை அவர்கள் படிவத்தில் சேருங்கள். கட்டி என்று சொல்கிறவர் அந்த வாரத்துக்குள் ஒரு சர்ஜனைப் பார்க்கட்டும். வாந்தி என்று சொல்கிறவர் அன்றைக்கே 108-இல் ஏறட்டும்.

சர்ஜன்களின் பயிற்சியும் முக்கியம். தொடை இடுக்கு லேப்ராஸ்கோப்பி, பித்தப்பையைவிடக் கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்கும் வேலை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இருக்கும் இளம் சர்ஜன்களை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குச் சுழற்சி முறையில் அனுப்புங்கள். அவர்கள் திரும்பி வரும்போது கேமராவும் மெஷ்ஷும் தியேட்டரில் இருக்க வேண்டும், மயக்க மருந்து டாக்டர் பணியிடம் காலியாக இருக்கக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் தொடை இடுக்கைப் பரிசோதிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு மதியம் போதும். துறை அழைத்தால் எந்த மாவட்டமானாலும் வந்து சொல்லித்தரத் தயாராக இருக்கிறேன். என் உயர் அதிகாரிகள் வழியாகத் தகவல் அனுப்பினால் போதும்.

நன்றியுடன்,
அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர்